கல் போக மண் எவ்வளவு?



காட்டு மண்ணைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தீர்கள். நான் கல்லைப் பற்றிப் பேசப் போகிறேன். அதற்குக் காரணம் ஒரு குழி.

தெற்கு ஸ்வீடனில் ஸ்மோலாண்ட் என்றொரு பகுதி. ஸ்புரூஸ் மரங்களும் பைன் மரங்களும் நெருங்கி நிற்கும் காடு. ஒரு செப்டம்பர் மாதம், களக்குழு ஒன்றோடு போயிருந்தபோது, மண் அடுக்குகளைப் பார்ப்பதற்காகக் குழி வெட்டத் தொடங்கினேன். அரை அடி இறங்குவதற்குள் மண்வெட்டி கல்லில் மோதி நின்றது. ஒரு முழம் தள்ளி வெட்டினேன். அங்கேயும் கல். மூன்றாவது இடத்தில் மண்வெட்டி வழுக்கிக்கொண்டு இறங்கியது. மேலே கருப்பாக மட்கு, அதன் கீழே சாம்பல் நிறத்தில் ஓர் அடுக்கு, அதற்கும் கீழே துருநிறத்தில் இன்னொன்று. வடக்கத்திக் காடுகளின் பொட்சால் மண், பாடநூல் படத்தில் இருப்பதைப் போலவே கிடைத்துவிட்டது. சந்தோஷமாக அளவெடுத்து எழுதினேன். முப்பது ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவரும் மூத்த அம்மையார் ஒருவர் குழுவில் இருந்தார். குழியை எட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “முதல் இரண்டு இடங்களை எங்கே எழுதியிருக்கிறீர்கள்?”

நான் எழுதவில்லை.

மண்வெட்டி இறங்காத இரண்டு இடங்களை விட்டுவிட்டு, இறங்கிய ஓர் இடத்தை மட்டும் “இந்தக் காட்டின் மண்” என்று எழுதி வைத்திருந்தேன். இது என் ஒருவனின் பிழை என்றால் இங்கே சொல்லத் தேவையில்லை. மண் குழி வெட்டும் எவருடைய கையும் மெத்தென்ற இடத்தை நோக்கித்தான் போகும். காட்டில் ஆயிரம் பேர் ஆயிரம் குழி வெட்டினால், ஆயிரம் குழிகளும் கல் குறைந்த இடத்திலேயே அமையும். பிறகு அந்த ஆயிரம் குழிகளையும் கூட்டி ஒரு நாட்டின் மண்வளம் இவ்வளவு, கரிமம் இவ்வளவு என்று கணக்குச் சொன்னால், இல்லாத மண்ணையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். குழி நகர்ந்தால் கணக்கும் கூடவே நகர்ந்துவிடுகிறது. தரைமேல் கிடக்கும் பாறாங்கற்களைத் தனியாக எண்ணி அளக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பாறாங்கல் என்றதும் உங்கள் கண்முன் வருவது மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டையாக இருக்கும். நம் ஊர்க் குன்றுகளில் கிடக்கும் உருண்டைப் பாறைகள் பெரும்பாலும் கிடந்த இடத்திலேயே விளைந்தவை. கருங்கல்லின் வெடிப்புகளில் நீர் புகுந்து, சுற்றியிருந்த பகுதி மக்கி மண்ணாகி அரித்துப் போக, மக்காமல் நின்ற நடுப்பகுதி உருண்டையாக மிஞ்சுகிறது. ஸ்மோலாண்டின் பாறாங்கற்கள் வேறு வகை. அவை பயணம் செய்து வந்தவை. கடைசிப் பனியுகத்தில் ஸ்காண்டிநேவியா முழுவதையும் கிலோமீட்டர் கணக்கான தடிமனில் பனிப்பாளம் மூடியிருந்தது. அது நகர்ந்த வழியெல்லாம் அடிப்பாறையைப் பெயர்த்து, அரைத்து, சுமந்து சென்றது. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் உருகிப் பின்வாங்கி முடித்தபோது, மாவு போன்ற வண்டல் முதல் வீடு அளவுப் பாறை வரை எல்லாவற்றையும் சலிக்காமல் ஒன்றாகக் கொட்டிவிட்டுப் போனது. இந்தக் கலவைக்கு மொரேன் என்று பெயர். ஸ்வீடன் நிலத்தில் சுமார் முக்கால் பங்கை மூடியிருப்பது இதுதான். ஆற்று வண்டலில் பருத்த மணல் ஓரிடம், நுண்மண் ஓரிடம் என்று தண்ணீரே தரம் பிரித்துக் கொடுத்துவிடும். பனி அப்படிப் பிரித்துத் தராது. மொரேனில் ஒரு முழத்துக்கு ஒரு நியாயம். அதனால்தான் அங்கே ஒரு குழியை நம்பி ஒரு காட்டைச் சொல்ல முடிவதில்லை.

ஸ்வீடன்காரர்கள் காட்டைக் கணக்கெடுப்பதில் பழகியவர்கள். அவர்களுடைய தேசிய வனக் கணக்கெடுப்பு 1923இல் தொடங்கியது. 1983 முதல் அதனோடு மண் கணக்கெடுப்பும் சேர்ந்தது. நிரந்தர மாதிரி வட்டம் ஒவ்வொன்றும் 10 மீட்டர் ஆரம். பரப்பு 314 சதுர மீட்டர். அதாவது ஏறத்தாழ ஏழே முக்கால் சென்ட். நம்மூரில் சற்று வசதியான ஒரு வீட்டுமனை அளவு. அதற்குள் மரம், செடி, மட்கு, மண், கல் எல்லாவற்றையும் பார்த்து எழுதிவிட்டு, ஆண்டுகள் கழித்து அதே வட்டத்துக்குத் திரும்பி வருவார்கள்.

இப்போது அந்த வட்டத்துக்குள் நின்று கல்லை எண்ணிப் பாருங்கள். எளிதான வேலை என்றுதான் தோன்றும். கல் ஓடாது, ஒளியாது, இலை உதிர்க்காது. ஆனால் முதல் கேள்வியிலேயே தடுக்கும்: எது பாறாங்கல்? 40 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு கல்லை எடுத்துக்கொள்வோம். ஸ்வீடனில் 20 சென்டிமீட்டரைத் தாண்டினாலே பாறாங்கல். உணவு வேளாண் அமைப்பின் மண் விவரிப்பு வழிகாட்டியிலும் 20 முதல் 60 வரை பாறாங்கல், அதற்கு மேல் பெரும் பாறாங்கல். அமெரிக்க மண் கணக்கெடுப்புக் கையேட்டில் 25 முதல் 60 வரை வெறும் கல். 60ஐத் தாண்டினால்தான் பாறாங்கல். ஆக, நம் 40 சென்டிமீட்டர் கல், கப்பலேறி அட்லாண்டிக்கைக் கடந்தால் பதவி இறங்கிவிடும். இரண்டு நாட்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிற ஆய்வு மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெயரை மட்டும் எழுதிவைத்தால் பின்னால் வருபவருக்கு எதுவும் விளங்காது. சென்டிமீட்டரை எழுதுங்கள், பெயரை யார் வேண்டுமானாலும் பிறகு வைத்துக்கொள்ளட்டும்.

அடுத்தது, பரப்பில் எவ்வளவு என்பது. அமெரிக்கக் கையேடு தரைமேல் கிடக்கும் கற்களை அவை மூடும் பரப்பின் விழுக்காட்டை வைத்து ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கிறது. முதல் வகுப்பு 0.01 முதல் 0.1 விழுக்காடு வரை. பிறகு 3 வரை, 15 வரை, 50 வரை, அதற்கு மேல். கீழ்ப்படிகள் இவ்வளவு நுணுக்கமாக இருப்பது வீண் என்று நானும் முதலில் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு பாறாங்கல் மூடும் பரப்பு 0.28 சதுர மீட்டர். நம் 314 சதுர மீட்டர் வட்டத்தில் அது 0.09 விழுக்காடு. ஒரு கல் கிடந்தால் முதல் வகுப்பு. இரண்டு கல் கிடந்தால் இரண்டாம் வகுப்பு. பாசிக்கு அடியில் ஒன்றைத் தவறவிட்டால் வகுப்பே மாறிப்போகிறது. மேல்படிகளில் நிலைமை வேறு. 3 விழுக்காட்டைத் தொட இப்படி 34 கற்கள் வேண்டும். அங்கே ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பெரிதாக எதுவும் ஆகாது. கல் நிறைந்த காட்டில் எண்ணுவதைவிடக் கல் அரிதான காட்டில் எண்ணுவதற்குத்தான் கூர்மையான கண் வேண்டும்.

பாசி என்றேன். அதைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். வடக்கத்திக் காட்டின் தரை ஒரே பச்சைக் கம்பளம். மரத்தின் வேர், விழுந்த அடிமரம், பாறாங்கல் எல்லாவற்றின் மேலும் ஒரே பாசி ஏறிப் படர்ந்திருக்கும். வெயில் படும் கல்லின் நெற்றியில் மட்டும் சாம்பல் நிறத் திட்டுகள் தெரியும். நம் சமையலில் போடும் கல்பாசியின் உறவு அது. நிழலில் கிடக்கும் கல்லில் அதுவும் தெரியாது. கரடுமுரடாக எழும்பியிருக்கும் ஒரு மேட்டைப் பார்த்தால் கல்லா, பழைய அடிக்கட்டையா, எறும்புப் புற்றா என்று கண்ணால் சொல்ல முடியாது. அந்த அம்மையார் செய்ததைச் சொல்கிறேன். முதலில் மண்டியிட்டு உள்ளங்கையால் அழுத்துவார். அடிக்கட்டை என்றால் கை சற்று அமிழும். உளுத்த மரம் நொறுங்கும் சத்தம் பாசிக்கு உள்ளேயிருந்து கேட்கும். கல் என்றால் கை நிற்கும். நொடியில் குளிர்ச்சி உள்ளங்கைக்கு ஏறும். பிறகு மெல்லிய இரும்புக் கம்பியை எடுத்து விளிம்பைச் சுற்றிச் செருகுவார். கல்லைத் தொட்டால் “ணங்” என்று ஒரு சத்தம். வேரைத் தொட்டால் சத்தமில்லை. கம்பி மட்டும் கையில் துள்ளும். கல்லின் விளிம்பு எங்கே முடிகிறது என்று இப்படியே நாலு பக்கமும் தடவிக் கண்டுபிடித்து, நீளவாட்டில் ஓர் அளவு, அதற்குக் குறுக்கே ஓர் அளவு. இரண்டையும் பெருக்கி 0.785ஆல் பெருக்கினால் பரப்பு. கண்மதிப்பில் எழுத அவர் யாரையும் விடமாட்டார். துருத்திக்கொண்டு நிற்பது கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும், தரையோடு தரையாகப் படுத்திருப்பது சிறிதாகத் தெரியும் என்பார். நான் பல வட்டங்களில் முதலில் கண்மதிப்பை எழுதி, பிறகு அளந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி.

வட்டத்தின் கோட்டில் பாதி உள்ளே பாதி வெளியே கிடக்கும் கல்லை என்ன செய்வது? எண்ணிக்கைக்கு ஒரு விதி, பரப்புக்கு ஒரு விதி வேண்டும்: நடுப்புள்ளி உள்ளே இருந்தால் எண்ணிக்கையில் சேர்த்தி, பரப்பில் உள்ளே இருக்கும் பகுதி மட்டும். அடிப்பாறையே தரையைப் பிளந்து தலைகாட்டினால் அது பாறாங்கல் ஆகாது. அதற்குத் தனிக் கட்டம். இரண்டில் எது என்று தீர்ப்புச் சொல்ல முடியாத நேரங்களும் உண்டு. அப்போது “சந்தேகம்” என்றே எழுத வேண்டும். துணிந்து எழுதிய தவறான விடையைவிட அந்தச் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

தரைமேல் தெரிவதை வைத்து உள்ளே இருப்பதைச் சொல்ல முடியுமா? எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. 1847இல் பிரெஞ்சு நிலவியலாளர் டெலெஸ் ஓர் அழகான உண்மையைச் சொன்னார். ஒரு பாறையை எங்கேனும் குறுக்கே வெட்டினால், வெட்டுமுகத்தில் ஒரு கனிமம் பிடித்திருக்கும் பரப்பின் பங்கும், பாறைக்குள் அது பிடித்திருக்கும் கனஅளவின் பங்கும் சராசரியாக ஒன்றே. அப்படியானால் தரைமேல் 10 விழுக்காடு கல் என்றால் மண்ணுக்குள்ளும் 10 விழுக்காடுதானே? அப்படிச் சொல்ல முடியாது. காட்டுத் தரை மனம்போன போக்கில் வெட்டிய வெட்டுமுகமாக இருப்பதில்லை. அங்கே கல் சேர்வதற்கும் குறைவதற்கும் தனிக் காரணங்கள் இருக்கின்றன.

ஒன்று, குளிர். ஈர மண் மேலிருந்து கீழாக உறைகிறது. கல் மண்ணைவிட வேகமாக வெப்பத்தைக் கடத்துவதால், கல்லுக்கு அடியில் இருக்கும் நீர் பக்கத்து மண்ணுக்கு முன்பே உறைகிறது. சுற்றியிருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொண்டு பருத்து, கல்லை மேலே தூக்குகிறது. வேனிலில் பனிக்கட்டி உருகும்போது கல் பழைய இடத்தில் உட்கார வேண்டும். ஆனால் அதற்குள் நுண்மண் சரிந்து அந்தக் குழியை நிரப்பியிருக்கும். ஆண்டுக்கு ஆண்டு இப்படி ஏறி ஏறிக் கல் தரைக்கு வருகிறது. ஸ்மோலாண்ட் விவசாயிக்கு ஒவ்வொரு வசந்தத்திலும் உழவுக்கு முன்னால் கல் பொறுக்கும் வேலை காத்திருந்தது இதனால்தான்.

இன்னொன்று, கடல். பனியின் பாரத்தில் அமிழ்ந்திருந்த நிலம், பாரம் நீங்கியதும் மெல்ல எழுந்தது, இன்றும் எழுந்துகொண்டிருக்கிறது. போத்னியா வளைகுடாவை ஒட்டிய உயர்கரைப் பகுதியில், பழைய கடற்கரைக் கோடு இன்றைய கடல்மட்டத்துக்கு 286 மீட்டர் மேலே இருக்கிறது. அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள சரிவுகளை ஒரு காலத்தில் அலைகள் அலசின; நுண்மண் அடித்துப்போக, கல் மிஞ்சியது. மேலே முழுக்கக் கல்லாகத் தெரிந்தாலும் இரண்டடி கீழே அலை தொடாத மொரேன் இருக்கலாம்.

மூன்றாவது, மனிதன். இதைக் கேட்கும்போது கொஞ்சம் நெஞ்சு கனக்கும். ஸ்மோலாண்ட் காடுகளில் நடக்கும்போது மரங்களுக்கு நடுவே திடீரென்று இடுப்பளவு உயரத்தில் கல்குவியல்கள் எதிர்ப்படும். பாசி மூடி, நடுவே ஒரு பிர்ச் மரம் முளைத்திருக்கும். அவற்றை இயற்கை குவிக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக விவசாயிகள் வயலிலிருந்து பொறுக்கிக் குவித்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்வீடன் மக்கள் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார்கள்; ஸ்மோலாண்டிலிருந்து போனவர்கள் ஏராளம். வில்ஹெல்ம் மோபெர்க் 1949இல் எழுதிய ‘குடிபெயர்ந்தோர்’ நாவலின் குடும்பமும் அந்த மண்ணிலிருந்து புறப்பட்டதுதான். விட்டுப்போன வயல்களில் பிறகு ஸ்புரூஸ் நட்டார்கள். இன்று அது காடு. அந்தக் காட்டில் நம் 10 மீட்டர் வட்டம் விழுந்தால் தரைமேல் ஒரு பாறாங்கல்கூட இருக்காது. “கல்லில்லாத மண்” என்று எழுதத் தோன்றும். இருபதடி தள்ளிக் குவியலைப் பார்த்தால்தான் புரியும்: கல் இல்லாத இடம் இல்லை, கல் எடுத்த இடம். மேலே எடுத்துவிட்டார்கள், உள்ளே அப்படியே இருக்கிறது. வட்டத்துக்கு வெளியே இருப்பதையும் குறிப்பில் எழுத வேண்டிய இடம் இது.

ஆகவே மேலே ஓர் அளவு, உள்ளே ஓர் அளவு என்று இரண்டும் தேவை. உள்ளே அளப்பதற்கு ஃபின்லாந்தைச் சேர்ந்த விரோ என்பவர் 1952இல் ஒரு வழி சொன்னார். இரும்புக் கம்பியை மண்ணுக்குள் அதிகபட்சம் 30 சென்டிமீட்டர் வரை இறக்க வேண்டும்; கல்லில் தட்டினால் அந்த ஆழத்தை எழுத வேண்டும். பல புள்ளிகளில் இப்படிச் செய்து சராசரி ஆழத்தைக் கண்டு, அதை 2.75ஆல் பெருக்கி 83லிருந்து கழித்தால் கல்லின் கனஅளவு விழுக்காடு. சராசரி ஆழம் 16 சென்டிமீட்டர் என்றால் கழித்துவருவது 39 விழுக்காடு. விலை மலிந்த கருவி, எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் கற்றுக்கொள்ளும் முறை. அவர் காலத்துக்குப் பின் வந்தவர்கள் தங்கள் தங்கள் மண்ணில் குழிவெட்டிச் சரிபார்த்துச் சமன்பாட்டைத் திருத்திக்கொண்டார்கள். மற்ற நாட்டு மண்ணில் இந்த 83ஐயும் 2.75ஐயும் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கம்பி இறங்க வேண்டிய புள்ளியில் பாறாங்கல்லே உட்கார்ந்திருந்தால்? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஆழம் பூஜ்யம் என்று எழுதலாம். அப்போது தரைமேல் கல்லும் சராசரிக்குள் வந்துவிட்டது, மறுபடி அதைக் கழித்தால் ஒரே கல்லை இரண்டு முறை கழித்ததாகும். அல்லது புள்ளியைப் பக்கத்தில் நகர்த்தலாம். அப்போது தரைமேல் பரப்பைக் கட்டாயம் தனியாகக் கழித்தாக வேண்டும். இரண்டில் எதுவும் சரியே. எதைச் செய்தோம் என்று எழுதாமல் விடுவதுதான் தவறு.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். ஒரு ஹெக்டேரில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 3,000 கனமீட்டர் இருக்கிறது. கணக்கு எளிதாக இருக்க, நுண்மண் ஒரு கனமீட்டருக்கு ஒரு டன், அதில் கரிமம் 3 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். கரிமம் 90 டன். அதே இடத்தில் 40 விழுக்காடு கல் என்றால் 54 டன். 36 டன் கரிமம் ஒரு ஹெக்டேரில் மட்டும் காகிதத்தில் முளைத்துவிடுகிறது. ஆய்வகத்தில் கரிமத்தைத் தசமப் புள்ளி சுத்தமாக அளக்கிறோம். காட்டில் கல்லைக் குத்துமதிப்பாக விடுகிறோம். ஸ்வீடன் ஐ.நா. பருவநிலை உடன்படிக்கைக்கு அனுப்பும் வன மண் கரிமக் கணக்கு இப்படிப்பட்ட வட்டங்களிலிருந்துதான் எழுகிறது. மரத்துக்குக் கிடைக்கும் நீரும் சத்தும்கூட அந்த நுண்மண்ணில்தான், கல்லில் இல்லை.

விமானத்திலிருந்து லேசர் கதிரை வீசி அளந்துவிடலாமே என்று மாணவர்கள் கேட்கிறார்கள். நாடு முழுவதற்கும் எடுக்கும் அளவீடுகளில் சதுர மீட்டருக்கு ஒன்றிரண்டு புள்ளிகள்தான் விழும். ஒரு புள்ளி என்றால், 60 சென்டிமீட்டர் கல்லின் மேல் அது விழ நாலில் ஒரு வாய்ப்புக்குச் சற்று அதிகம். விழுந்தாலும் அது கல்லா, அடிக்கட்டையா என்று அந்தப் புள்ளி சொல்லாது. வீடு அளவுப் பாறைகள் கிடக்கும் டீவேடன் தேசியப் பூங்கா போன்ற இடங்களில் அது நன்றாகவே உதவும். முழங்கால் உயரக் கல்லுக்கு முழங்காலிட்டுத்தான் ஆக வேண்டும்.

காட்டில் மரம் பத்தாண்டில் வளர்கிறது, செடி மாறுகிறது, மட்கு கூடிக் குறைகிறது. அந்தக் கால அளவில் பாறாங்கல் மட்டும் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. வெட்டு எந்திரமோ, நடவுக்காக மண்ணைக் கிளறும் எந்திரமோ புரட்டிப் போட்டாலொழிய அது அசையாது. ஒரே வட்டத்தில் முதல் முறை 11 என்றும் அடுத்த முறை 17 என்றும் எழுதியிருந்தால், மாறியது காடு இல்லை, எண்ணியவரின் கண். மரத்தை அளப்பதில் எவ்வளவு பிழை, வளர்ச்சி எவ்வளவு என்று பிரிப்பது கடினம். கல் அந்தப் பிழையைத் தனியாகக் காட்டிக்கொடுக்கிறது. களப்பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது நான் முதலில் கல் எண்ணத்தான் அனுப்புகிறேன்.

அந்த செப்டம்பர் நாளுக்குத் திரும்புகிறேன். குழி வெட்ட முயன்ற முதல் இரண்டு இடங்களையும் வட்டத்தின் நடுக்குறியிலிருந்து திசையும் தூரமும் அளந்து எழுதினோம்: கல், ஆழம் 12 சென்டிமீட்டர், கல், ஆழம் 9. மறுபடி வட்டத்தைச் சுற்றி வந்தோம். காலையில் நான் எழுதியது 14 கற்கள். மாலையில் இருவரும் சேர்ந்து எண்ணியது 17. விட்டுப்போன மூன்றில் ஒன்று, நான் மதியம் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்ட இடம். பதினெட்டாவதில் எங்களுக்குள் உடன்பாடு வரவில்லை. கம்பி ஒரு பக்கம் இறங்கியது, மறுபக்கம் எவ்வளவு தள்ளிச் செருகியும் தட்டிக்கொண்டே இருந்தது. “அடிப்பாறையாக இருக்கலாம், சந்தேகம்” என்று எழுதினோம். பார்ப்பதற்காகப் புரட்டியிருந்த பாசியை அந்த அம்மையார் போர்வையைப் போல இழுத்துக் கல்லின் மேல் பழையபடி போர்த்தி, ஓரங்களை விரலால் அழுத்திவிட்டார். பத்தாண்டு கழித்து வருபவர் அதைத் தானே கண்டுபிடிக்கட்டும் என்றார். இருட்டுவதற்குள் அடுத்த வட்டத்துக்குப் போக வேண்டியிருந்தது. கம்பியைத் துடைத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தோம்.